உடம்பு அவனுக்கு, மூளை உங்களுக்கா?

விளையாட்டில் சாதி இல்லை, நிறம் இல்லை, உதைக்கிற கால் யாருடையது என்று பந்துக்குத் தெரியாது என்றொரு வசனம் உண்டு. மேடை கிடைத்தால் நம் தோழர்களில் சிலரே இதை எடுத்து விடுகிறார்கள். திறமை இருந்தா யார் வேணாலும் மேல வரலாம், விளையாட்டப் பாருங்க, அதுதான் சாட்சி என்கிறார்கள். இந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டுமென்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அதற்கு நான் எடுத்துக்கொள்வது பிரெஞ்சுக் கால்பந்து ஆட்டக்காரர் லிலியன் துராம். கோல் போட்டுச் சட்டையைக் கழற்றிச் சுற்றுகிற முன்கள நட்சத்திரம் அல்ல இவர். பின்னால் நின்று தடுத்தவர். நம் தெருப் பையன்கள் 'பேக்' என்பார்களே, அந்த இடம். 1994 முதல் 2008 வரை பிரான்ஸ் அணிக்காக 142 ஆட்டங்கள். 1998இல் உலகக் கோப்பையை வென்ற அணியில் ஒருவர். மேலே வருவது என்றால் இதற்குமேல் எங்கே வருவது? அதனால் இவர் கதையையே பார்ப்போம். இவர் மேலே வந்தார் என்றால் கீழே எங்கே இருந்தார், அங்கே கொண்டுபோய் வைத்தது யார், வந்த பிறகு என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்போம்.

துராம் 1972 ஜனவரி 1 அன்று கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில் பிறந்தார். அந்தத் தீவு இன்றும் பிரான்சின் ஒரு பகுதி. 1685இல் பிரெஞ்சு அரசன் போட்ட 'கறுப்புச் சட்டம்' அங்கே ஆப்பிரிக்க அடிமைகளை அசையும் சொத்து என்றது. நாற்காலி மாதிரி, மாடு மாதிரி. 1794இல் பிரெஞ்சுப் புரட்சி அடிமை முறையை ஒழித்தது. 1802இல் நெப்போலியன் திருப்பிக் கொண்டுவந்தான். (சமத்துவம், சகோதரத்துவம் என்று நாம் பாடம் படித்தோமே, அதே நாடுதான்.) லூயி தெல்கிரே என்ற கறுப்பினப் படைத் தலைவனும் அவனுடைய ஆட்களும் 1802 மே 28 அன்று மத்தூபா மலையில் வெடிமருந்துக்குத் தீ வைத்துச் செத்தார்கள், மறுபடி அடிமையாக மாட்டோம் என்று. கடைசியாக 1848இல் அடிமை முறை ஒழிந்தது. அடுத்த வருஷமே சட்டம் போட்டு நஷ்டஈடும் கொடுத்தார்கள். யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. முதுகில் சாட்டை வாங்கியவனுக்கு ஒரு காசு இல்லை, ஒரு குழி நிலம் இல்லை.

இது யாரோ எவரோ கதை என்று பக்கத்தைப் புரட்ட நினைக்கிறவர் கொஞ்சம் நிற்கவும். அடிமைகள் போன கரும்புக் காட்டுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1854 டிசம்பர் 24 அன்று 'ஒரேலி' என்ற கப்பல் குவாதலூப்பில் போய் நின்றது. அதில் இருந்தவர்கள் நம் ஆட்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்டவர்கள். 1880களின் கடைசிவரை இப்படிப் போனவர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல். தமிழர்கள் நிறைய, அதில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கணிசம். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு ஹென்றி சிதம்பரம் (அங்கே அந்தப் பெயர் 'சிதம்பரோம்' ஆகிவிட்டது) வருஷக்கணக்கில் வழக்காடி, 1923இல்தான் முடிவு கிடைத்தது. ஆப்பிரிக்கன் விட்ட வெட்டுக்கத்தியை வாங்கிக்கொண்டவன் தமிழன். ஒரே கரும்பு, ஒரே கங்காணித்தனம். துராம் பிறந்த மண்ணைப் பேசுவது எனக்கு அடுத்த வீட்டுச் சமாச்சாரம் அல்ல.

அவருடைய அம்மா அந்தத் தீவில் கூலிவேலை செய்தும் வீடு துடைத்தும் ஐந்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். தீவில் பிழைப்பு இல்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு முதலில் தான் மட்டும் பாரிஸ் பக்கம் போனார். ஒரு வருஷம் கழித்து, 1981இல், பிள்ளைகளை வரவழைத்தார். அந்தக் காலகட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1963 முதல் 1981 வரை பிரெஞ்சு அரசே 'புமிதோம்' என்ற அலுவலகம் வைத்துத் தீவுகளிலிருந்து இளைஞர்களை அள்ளிக்கொண்டு போனது. ஆண்களுக்குக் கட்டட வேலை, தொழிற்சாலை, தபால் நிலையக் கடைநிலை. பெண்களுக்கு ஆஸ்பத்திரி எடுபிடி, பணக்கார வீட்டுச் சமையலறை. நூறு வருஷத்துக்கு முன் கப்பலில் ஏற்றியவர்கள் இப்போது விமானத்தில் ஏற்றினார்கள். வேலை மட்டும் மாறவில்லை.

ஒன்பது வயதில் பாரிஸ் புறநகர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான் பையன். அன்றைக்குத் தொலைக்காட்சியில் ஒரு பசுமாட்டுச் சித்திரப்படம் ஓடிக்கொண்டிருந்ததாம். கறுப்புப் பசு முட்டாள், வெள்ளைப் பசு புத்திசாலி. கறுப்புப் பசுவின் பெயர் 'நுவாரோத்'. வகுப்புப் பிள்ளைகள் இவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டிருக்கிறான். அவுங்க அப்படித்தான், அது மாறாது என்கிற மாதிரி அம்மா பதில் சொல்லியிருக்கிறார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை என்றும், ஒன்பது வயதில்தான் நான் கறுப்பன் ஆனேன் என்றும் துராம் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார். தீவில் அவன் பையன். பாரிசில் அவன் கறுப்பன். தோல் மாறவில்லை; பார்க்கிற கண் மாறியது. சாதி எந்த வயதில் நமக்குத் தெரியவந்தது, யார் தெரியப்படுத்தினார்கள் என்று இந்தப் பக்கங்களில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்! நாமாகப் பிறப்பதில்லை, ஆக்கப்படுகிறோம் என்பதற்கு இன்னொரு வாக்குமூலம் இது.

பிறகு பந்து. ஃபோந்தேன்புளோவை ஒட்டிய ஆவோன் ஊரில் குடியிருப்பு. பிழைக்க வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அவன் ஆடிய கிளப்பின் பெயர் என்ன தெரியுமா? 'ஃபோந்தேன்புளோ போர்த்துகீசியர்கள்'. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் பிரான்ஸ் வந்த போர்த்துகல் நாட்டுக் கூலிகள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட கிளப். பிரான்சின் பெருமை என்று பிற்பாடு சொல்லப்பட்ட ஒரு தடுப்பாட்டக்காரனுக்கு முதலில் சட்டை கொடுத்தவர்கள் அயல்நாட்டுக் கூலிகள். 'திறமை தானாக மேலே வரும்' என்கிற கும்பலுக்கு இந்தக் கிளப்பின் பெயரை மட்டும் நினைவூட்டுகிறேன். திறமையை யாரோ தாங்கிப் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் தாங்களே கீழே இருப்பவர்கள்.

அங்கிருந்து மெலன் கிளப், அங்கிருந்து மொனாக்கோ. 1990-91 பருவத்தில் பத்தொன்பது வயதில் முதல் பிரிவில் இறங்கினான். அப்போது அங்கே பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர். 1994 ஆகஸ்ட் 17 அன்று செக் குடியரசுக்கு எதிராகப் பிரான்ஸ் சட்டையில் முதல் ஆட்டம். ஜினடின் ஜிடானுக்கும் அதுதான் முதல் ஆட்டம். பின்னால் நின்றவனுக்குக் குவாதலூப், முன்னால் நின்றவனுக்கு அல்ஜீரியா. 1996இல் துராம் இத்தாலியின் பார்மா கிளப்புக்குப் போனார். அதே 1996இல், ஐரோப்பியக் கோப்பை நடந்துகொண்டிருந்தபோது, தீவிர வலதுசாரித் தலைவர் லெ பென் வாயைத் திறந்தார். வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அதைப் பிரெஞ்சு அணி என்று அழைப்பது செயற்கையானது என்றார். குவாதலூப் 1635 முதல் பிரான்சின் பிடியில் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையடிவார நீஸ் நகரம் பிரான்சோடு சேர்ந்ததே 1860இல். நீஸ்காரன் உள்ளூர்க்காரன், குவாதலூப்காரன் வெளியூர்க்காரன்! கணக்கு நல்லாத்தான் இருக்கு.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தடுப்பாட்டம் என்பது என்ன? பார்க்கிறவனுக்கு அது இடிப்பதும் தாண்டுவதும். ஆடுகிறவனுக்கு அது கணக்கு. எதிராளி எந்தக் காலை ஊன்றுகிறான், பந்து எங்கே விழும், கூட நிற்கிற மூன்று பேரும் ஒரே கோட்டில் இருக்கிறார்களா, ஒரு அடி முன்னே போவதா பின்னே வாங்குவதா - இதையெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கறுப்புத் தடுப்பாட்டக்காரனைப் பற்றி எழுதும்போது மட்டும் அகராதி சுருங்கிவிடும். பாறை, சுவர், காளை, மிருக பலம். 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஐரோப்பாவின் நான்கு பெரிய லீக்குகளில் 80 ஆட்டங்களின் வர்ணனையை எடுத்து எண்ணியது. பலத்தைப் பற்றி வர்ணனையாளர் பேசும்போது அது கறுத்த தோல்காரரைப் பற்றியதாக இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்குக்கும் மேல். புத்திசாலித்தனத்துக்கான பாராட்டில் 60 சதத்துக்கும் மேல் வெளுத்த தோலுக்கு. யாரும் வசை பாடவில்லை, பாராட்டத்தான் செய்கிறார்கள். பாராட்டிலேயே பாகப்பிரிவினை நடந்துவிடுகிறது.

நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது ஒரு பேராசிரியர் எங்கள் பக்கத்துப் பையன்களைப் பார்த்து, "ஒங்களுக்கெல்லாம் நல்ல ஒடம்புடா, படிப்ப எதுக்குப் போட்டு ஒழப்பிக்கிறீங்க, ஸ்போர்ட்ஸ்ல போங்க" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அன்பாகக்கூடச் சொல்வார். சேற்றிலும் தோலிலும் பறையிலும் மலத்திலும் இறக்கிவிட்டதற்கு அந்த 'நல்ல ஒடம்பு'தானே நியாயம்? சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்துப் படியடுக்கியது என்பதை 1936இலேயே அம்பேத்கர் காட்டிவிட்டார். ஒருத்தனுக்கு உடம்பு, இன்னொருத்தனுக்கு மூளை என்று ஒதுக்கும் ஏற்பாடு, மைதானத்தில் பேக்குக்கும் பயிற்சியாளருக்கும் நடுவிலும் ஓடுகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. பிரான்ஸ் அணியில் ஆடிய முதல் கறுப்பர் ரவுல் தியாஞ். அவரும் பெரும்பாலும் பின்களத்தில் நின்றவர். அணியில் சேர்ந்த வருஷம் 1931. அதே 1931இல் பாரிசில் காலனியக் கண்காட்சி நடந்தது. பசிபிக் தீவான நியூ கலிடோனியாவிலிருந்து கனாக் மக்களைக் கொண்டுவந்து, நரமாமிசம் தின்பவர்கள் என்று பலகை மாட்டி, பூங்காவில் காட்சிக்கு வைத்தார்கள். அப்படி வைக்கப்பட்டவர்களில் ஒருவர், 1998 உலகக் கோப்பை அணியில் துராமோடு ஆடிய கிறிஸ்டியன் கரெம்புவின் கொள்ளுத்தாத்தா. ஒரே நகரம், ஒரே வருஷம். ஒரு கறுப்பு உடம்பு கட்டத்துக்குள் ஆடியது, பல கறுப்பு உடம்புகள் கம்பிக்குள் நின்றன. இரண்டுக்கும் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். கரெம்பு ஏன் தேசிய கீதம் பாடவில்லை என்று கேட்டவர்கள் இதையும் கேட்டிருக்கலாம்.

இப்போது 1998 ஜூலை 8. உலகக் கோப்பை அரையிறுதி, எதிரே குரோஷியா. இடைவேளை முடிந்ததும் சூக்கர் கோல் போட்டார். தடுப்புக் கோட்டிலிருந்து ஓரடி பின்தங்கி நின்று, சூக்கரை ஆஃப்சைடு ஆகாமல் காப்பாற்றிவிட்டது துராம். ஒரு நிமிஷம்கூட முழுசாக ஆகவில்லை. துராமே பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி சமன் செய்தார். பிறகு 70ஆம் நிமிஷத்தை ஒட்டி, இடது காலால் இன்னொன்று. பிரான்ஸ் 2, குரோஷியா 1. 142 ஆட்டங்களில் அவர் நாட்டுக்காகப் போட்ட கோல்கள் இந்த இரண்டே. இரண்டாவது கோல் போட்டதும் அவர் குதிக்கவில்லை. முழங்காலிட்டு, விரலை உதட்டில் வைத்து, ஏதோ யோசிக்கிற மாதிரி அசையாமல் இருந்தார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போயிற்று. அவர் அதை என்ன நினைத்துச் செய்தாரோ, எனக்கு அது ஒரு பதில். உடம்பு என்று எழுதி வைத்த இடத்தில் ஒருவன் உட்கார்ந்து யோசிக்கிறான்.

நான்கு நாள் கழித்துக் கோப்பை பாரிசுக்கு. 'கறுப்பு, வெள்ளை, அரபு' என்று மூன்று நிறம் சேர்த்து முழக்கம். இனவாதம் செத்துவிட்டது என்று பத்திரிகைகள் கருமாதி எழுதின. ஏழே வருஷம். 2005 அக்டோபர் 27 அன்று பாரிசுக்கு வெளியே கிளிஷி-சு-புவாவில், பந்து ஆடிவிட்டு வீடு திரும்பிய பையன்களைப் போலீஸ் துரத்தியது. மின்நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு பேர் கருகிச் செத்தார்கள். வயது 15, 17. புறநகர் பற்றி எரிந்தது. உள்துறை அமைச்சர் சார்கோசி அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் புறநகர் இளைஞர்களைப் பொறுக்கிகள் என்ற பொருளில் பேசியிருந்தார். துராம் வெளிப்படையாக எதிர்த்தார், நானும் அந்தப் புறநகரில் வளர்ந்தவன்தான் என்று. 2006இல் காஷான் என்ற இடத்தில் குடியிருப்பிலிருந்து விரட்டப்பட்ட ஆவணமற்ற குடியேறிகளை, அவரும் பத்ரிக் வியேராவும் தங்கள் செலவில் பிரான்ஸ்-இத்தாலி ஆட்டம் பார்க்க அழைத்துவந்து உட்கார வைத்தார்கள். ஆடத் தெரிந்தவன் ஆடிவிட்டுப் போக வேண்டியதுதானே, அரசியல் எதற்கு என்று கேட்டார்கள். சோறு போட்டால் தின்னுட்டுப் போ என்கிற அதே குரல்.

இதற்கெல்லாம் உச்சம் 2011. பிரெஞ்சுக் கால்பந்துக் கூட்டமைப்பின் பெரிய மனிதர்கள் 2010 நவம்பரில் கூடிப் பேசியதை 'மெதியாபார்ட்' இதழ் வெளியிட்டது. இளையோர் பயிற்சி மையங்களில் இரட்டைக் குடியுரிமை உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கலாமா என்று பேச்சு. உயரம், பருமன், பலம் என்று ஒரே மாதிரி ஆட்களை எடுக்கிறோம், அப்படி இருப்பவர்கள் யார், கறுப்பர்கள்தானே என்ற பொருளில் பேசியவர் தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளர் லொரான் பிளாங்க். 1998இல் துராமுக்குப் பக்கத்தில் நின்ற தடுப்பாட்டக்காரர் அவர். குரோஷியாவோடு நடந்த அதே அரையிறுதியில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற்றப்பட்டவர். அவர் வெளியே போன பிறகு மிச்சத்தையும் தாங்கி நின்ற கோட்டில் துராமும் தெசாயியும் இருந்தார்கள். பிளாங்க் மன்னிப்புக் கேட்டார். இனவாத நோக்கமில்லை என்றார். விசாரணையில் பாரபட்ச உத்தரவு எதுவும் போடப்படவில்லை என்று விடுவித்துவிட்டார்கள். இருக்கட்டும், நான் அவர் மனசைத் தோண்டவில்லை. ஒரு நல்ல மனிதர், கூட ஆடிய மனிதர், தோளோடு தோள் நின்று கோப்பை வாங்கிய மனிதர், நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த அகராதியைத்தான் எடுத்தார். தனிமனித நல்லெண்ணத்தை வைத்துப் படம் காட்டுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அதே 1998 அணியிலிருந்து 2010இல் பிளாங்க், 2012இல் தெஷாம் தேசிய அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்கள். 2025 முடியும்வரை அந்த ஆண்கள் அணியின் நாற்காலியில் கறுப்பர் ஒருவர்கூட உட்கார்ந்ததில்லை.

துராமோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. 2008இல் ஆட்டத்தை விட்டதும் அவர் அறக்கட்டளை தொடங்கினார். இனவாதம் கற்றுக்கொடுக்கப்படுவது, ஆகவே கல்வியால் அதை நீக்கலாம் என்று பள்ளி பள்ளியாகப் போகிறார். புத்தகங்கள் எழுதினார். 1931 கூண்டுகளைப் பற்றி பாரிஸ் அருங்காட்சியகத்தில் கண்காட்சி வைத்தார். மரியாதைக்குரிய வேலை. ஆனால் பாடம் சொன்னால் போய்விடுமா? அவர் பிறந்த 1972இல்தான் குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லிக்கு அவர் தீவின் வாழைத் தோட்டங்களில் அனுமதி கிடைத்தது. 1990இல் பிரான்சில் தடை செய்தார்கள். தோட்ட முதலாளிகள் கேட்டதால் தீவுகளுக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்து 1993 வரை ஊற்றினார்கள். குவாதலூப், மார்த்தினிக் இரண்டிலும் வளர்ந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ரத்தத்தில் இன்றும் அந்த நஞ்சு. 2023 ஜனவரியில் நீதிபதிகள் வழக்கை விசாரணைக்கு அனுப்பாமலே மூடினார்கள். துராமை அணைத்துக்கொண்ட அரசும் அவர் ஊர் மண்ணில் விஷத்தை அனுமதித்த அரசும் ஒன்றே. இது பசுமாட்டுப் படம் பார்த்த பிள்ளைகளின் அறியாமை அல்ல. கணக்குப் பார்த்து, கையெழுத்துப் போட்டு நடந்தது. 1849இல் முதலாளிக்கு நஷ்டஈடு கொடுத்த அதே கணக்கு. கல்வி வேண்டும்தான். அதோடு நிலம் யாரிடம், கையெழுத்து யாருடையது, தேர்வுக் குழு நாற்காலி யாருக்கு என்ற கேள்வியும் வேண்டும்.

ஆனாலும் இந்த மனிதரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேலே வந்தவனிடம் எதிர்பார்க்கப்படுவது நன்றி. கும்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டும், எனக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இவர் அதைச் செய்யவில்லை. மூத்த மகனுக்கு மார்கஸ் கார்வியின் பெயரை வைத்தார். அந்த மார்கஸ் துராம் 2020 மே மாதக் கடைசியில், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட அதே வாரத்தில், ஜெர்மனியில் கோல் போட்டுவிட்டுப் புல்லில் முழங்காலிட்டான். அப்பன் இட்ட அதே முழங்கால்.

ஆகவே தோழர்களே, அடுத்த தடவை யாராவது மேடையேறி, விளையாட்டப் பாருங்க என்று ஆரம்பித்தால், பார்ப்போம், நன்றாகவே பார்ப்போம் என்று சொல்லுங்கள். ஒருத்தன் மேலே வந்ததைக் காட்டினால், கூட ஆடியவர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே என்று கேளுங்கள். நம்ம பையன் ஸ்டாப்பராக நிற்கிறான் என்று பெருமைப்பட்டால், அவனைத் தேர்வு செய்கிற அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நல்ல உடம்பு என்று புகழ்ந்தால், மூளைக்கு யார் பெயரை எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவர்கள் அரசியல் பேசாதே என்பார்கள். அதுவரை கேளுங்கள், அதற்குப் பிறகும் கேளுங்கள்.